என் பக்கம் மட்டும் ஒட்டவில்லை

அடி அண்ணாமலை
14.5.2025

பெறுநர்: தம்பி வளவன், ராணுவ முகாம், லே.
பொருள்: என் சுவரில் இறங்கும் உன் வாடகைக்காரர்களின் குளியல் தண்ணீர்.

வளவா,

உன் போன் எண்ணை நான் அடைத்து வைத்திருப்பது இதற்குள் தெரிந்திருக்கும். போனில் ஒன்று சொல்வாய், மறுநாள் அப்படிச் சொல்லவே இல்லை என்பாய். வேங்கிக்கால் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக ஊரார் மனுவுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறேன். எதுவும் எழுத்தில் இருந்தால்தான் நிற்கும் என்று அங்கே கற்றுக்கொண்டேன். அதனால்தான் பதிவுத் தபால். நீயும் எழுத்திலேயே பதில் சொல்.

முந்தாநாள் சித்ரா பவுர்ணமி. கிரிவலத்துக்கு வந்தவர்கள் உன் நாலு அறையிலும் சேர்த்து முப்பது பேருக்குக் குறையாமல் தங்கினார்கள். கீழே உள்ள குளியலறை போதாதென்று, அறைகளைப் பார்த்துக்கொள்ள நீ வைத்திருக்கிற பச்சையம்மாள் மொட்டை மாடியில் டிரம்மை வைத்துக் குழாயும் போட்டுவிட்டாள். முப்பது பேரும் மாடியில் நின்று குளித்தார்கள். அந்தத் தண்ணீர் அத்தனையும் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் இறங்கி, என் உள் அறைச் சுவர் வழியாக வந்தது. சோப்பு நுரை வந்தது. எவளுடைய தலைமுடியோ வந்தது. கிழித்த ஷாம்பு பாக்கெட்டின் மூலை ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. உன் மாமா விதைக்கடலைக்கு வைத்திருந்த மல்லாட்டை மூட்டை இரண்டும், முன்பே ஓதம் ஏறியிருந்தவை, இப்போது அடியில் ஊறிப் பச்சைப் பூசணம் பிடித்துவிட்டன. பார்க்காமல் உள்ளே கையை விட்டவள் நான். எத்தனை முறை கழுவியும் அந்த நாற்றம் விரலை விட்டுப் போகவில்லை. நேற்றிலிருந்து ஸ்பூனில் சாப்பிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டை ஒட்டி உன் வீட்டைக் கட்டினாய். நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்து. ஏகாம்பரம் மேஸ்திரி அதில் சிமெண்டைப் பூசினான். முதல் கத்திரி வெயிலிலேயே வெடித்தது. மறுபடி பூசினான், மறுபடி வெடித்தது. கேட்டதற்கு, "பழைய வூடுன்னா அப்பிடித்தான் ஒழுவும், அதுக்கு நான் இன்னா பண்றது" என்று நீ சொன்னாய். அன்றைக்குத்தான் உன் எண்ணை அடைத்தேன்.

என் எல்லை எது என்று காட்டுவதற்காகவே ஒவ்வொரு பவுர்ணமிக்கும் அந்தச் சந்தின் ஓரமாக, என் பக்கத்து விளிம்பில், வரிசையாக அகல் ஏற்றி வைக்கிறேன். மலையைப் பார்த்துக் கும்பிட மாடிக்கு வருகிற உன் ஆட்கள் விளக்கைத் தாண்டிக் கால் வைப்பதில்லை. தண்ணீருக்குத்தான் அந்த மரியாதை தெரியவில்லை.

அபிநயாவுக்கு இது இரண்டாம் மாதம். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தலைப்பிரசவம். ஏழாம் மாதம் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் மகளை அழைத்து வந்தால் அந்த உள் அறையில்தான் படுக்க வைக்க வேண்டும், என் வீட்டில் வேறு அறை இல்லை. அதற்குள் சுவர் காய வேண்டும். நான் கேட்பது இது ஒன்றுதான்.

எழிலரசி
(ஒப்புகை அட்டை இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.)


லே
30.5.2025

அக்காவுக்கு,

ஒப்புகை அட்டையில் கையெழுத்து வாங்கியவன் "கோர்ட் கேஸா?" என்று கேட்டான். கூடப் பிறந்தவள் எழுதிய கடிதம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அபி விஷயம் சந்தோஷம். அதை ஷாம்பு பாக்கெட்டுக்குக் கீழே எழுதியிருக்க வேண்டாம்.

ஏகாம்பரத்தை நினைத்தால் எனக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அசைகிற சந்தில் சிமெண்டைப் பூசுகிறவன் மேஸ்திரியே இல்லை. இங்கே பகலில் வெயில் கொளுத்தும், விடிகாலையில் வாளித் தண்ணீர் கல்லாகிவிடும். தகரம் ஒரு அளவுக்கு நீளும், கான்கிரீட் ஒரு அளவுக்கு நீளும். அவை சேருகிற இடுக்கை அடைப்பதுதான் பதினாறு வருஷமாக என் வேலை. உன் வீடு பழைய ஓடு பதித்த தளம், என் வீடு கம்பி கட்டிய தளம். இரண்டும் ஒரே மாதிரி சூடாகாது. நம்பாவிட்டால் சிமெண்ட் வெடித்த கோட்டில் ஐந்து ரூபாய் நாணயத்தைக் காலை ஆறு மணிக்கு ஒரு முறையும் மதியம் இரண்டு மணிக்கு ஒரு முறையும் செருகிப் பார்.

கடையில் குளியலறைக்குப் பூசுகிற வெள்ளை சிலிக்கான் கொடுப்பான். வாங்காதே, சிமெண்டுத் தூசியில் அது பிடிக்காது, மேலே பெயிண்டும் நிற்காது. விரிசலுக்கு என்று கம்மி விலையில் அக்ரிலிக் பேஸ்ட் காட்டுவான். அது உள்சுவருக்குச் சரி, தண்ணீர் தேங்குகிற மாடியில் கரைந்து சளி மாதிரி ஆகிவிடும். பி.யூ. சீலன்ட் என்று கேள். சாம்பல் நிறம், ரப்பர் மாதிரி காயும், இழுத்தால் இழுபடும், விட்டால் பழையபடி வரும்.

இனி என் பங்குக்கு. என்னிடம் தங்குகிறவர்கள் சாமி கும்பிட வருகிறவர்கள். அவர்கள் தலைமுடியைப் பற்றியெல்லாம் எழுதாதே. உன் மாட்டுக் கொட்டகை நாற்றத்தை என் அறைகளில் அவர்களும்தான் சகித்துக்கொள்கிறார்கள். அந்த விளக்கு வரிசை எதற்கென்று எனக்குத் தெரியாமல் இல்லை. சாமிக்கு ஏற்றுகிற விளக்கைச் சண்டைக்கு ஏற்றுகிற ஆள் நம் ஊரிலேயே நீ ஒருத்திதான்.

வளவன்


அடி அண்ணாமலை
18.6.2025

பொருள்: நாணயம், சிலிக்கான், எலுமிச்சம்பழம்.

வளவா,

நாணயம்: காலை ஆறு மணிக்கு முழுசாக உள்ளே போய்விட்டது, கொண்டை ஊசியால் நோண்டி எடுத்தேன். மதியம் இரண்டு மணிக்கு விளிம்புகூட நுழையவில்லை. நீ சொன்னது சரி. அதை எழுதக் கை கூசுகிறது.

சிலிக்கான்: உன் கடிதம் வருவதற்குள் நான் வாங்கிவிட்டேன். டவுன் கடைக்காரன், "எல்லாம் ஒண்ணுதாம்மா, இதுதான் ஜாஸ்தி ஓடுது" என்று வெள்ளை டியூப்பைக் கொடுத்தான். ஏகாம்பரம் தூசியைக்கூடத் துடைக்காமல் அதன் மேலேயே பிதுக்கிவிட்டுப் போனான். பத்தே நாள். வீட்டுக்கு வந்திருந்த அபி ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள், பாம்புச் சட்டை போல நீளமாகக் கையோடு வந்தது. அதன் அடியில் சேர்ந்திருந்த கறுப்புச் சேறு அவள் முழங்கை வரை வழிந்தது. மசக்கைக்காரி, அங்கேயே வாந்தி எடுத்தாள்.

எலுமிச்சம்பழம்: உன் மாடியின் நடுவில் ஒரு பழத்தை வைத்துப் பார்த்தேன். என் பக்கம் உருண்டு வந்தது. வேறு மூலையில் வைத்தேன், அங்கிருந்தும் என் பக்கமே வந்தது. உன் மாடித் தண்ணீர் போவதற்கு உன் பக்கத்திலேயே பெரிய குழாய் இருக்கிறது. பழம் ஏன் அங்கே போகவில்லை என்று எனக்கு எழுத்தில் தெரிய வேண்டும்.

எழிலரசி


லே
2.7.2025

அக்கா,

எலுமிச்சம்பழம் உருட்டுவதை விட்டுவிட்டு வேலையைப் பார்.

பெங்களூரிலிருந்து பி.யூ. சீலன்ட் கூரியரில் வரும், கூடவே ஒரு சுருள் ஸ்பாஞ்சுக் கயிறும். பழைய சிமெண்ட் முழுவதையும் கொத்தி எடுக்கச் சொல். தூசி போக ஊதித் துடைக்க வேண்டும். சந்து காய்ந்திருக்க வேண்டும். முதலில் கயிற்றை உள்ளே அழுத்தி, அதன் மேல்தான் சீலன்ட். பசை இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டக் கூடாது. அடியிலும் பிடித்துக்கொண்டால் இழுபட வழியில்லாமல் நடுவில் கிழியும். கயிறு அதற்குத்தான். அதைக் குப்பை என்று ஏகாம்பரம் தூக்கிப் போட்டுவிடுவான், பக்கத்திலேயே நில்.

மொட்டை வெயிலில் பூசாதே, அப்போது சந்து மூடியிருக்கும். விடிகாலையும் வேண்டாம், விரிந்திருக்கும். ஒன்பதரை மணி வாக்கில் பூசு.

குளிப்பதை நிறுத்தச் சொல்லி மாமா என் மனைவி கஸ்தூரியிடம் போனில் பேசினாராம். குளிக்காமல் எவன் கிரிவலம் போவான்?

வளவன்


அடி அண்ணாமலை
22.8.2025

வளவா,

பொருள் என்று எதுவும் போடவில்லை. எழுதவே அருவருப்பாக இருக்கிறது.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு ஏகாம்பரத்தின் பக்கத்திலேயே நின்றேன். கயிறு வைத்தான். ஒன்பதரைக்குப் பூசினான். ஆவணி அவிட்டத்தன்று பவுர்ணமி, மறுபடி உன் ஆட்கள், மறுபடி குளியல். மறுநாள் காலை அபியின் அறையில் தண்ணீர்.

மாடியில் ஏறிப் பார்த்தேன். உன் பக்கத்து விளிம்பில் சீலன்ட் அட்டை மாதிரி கடித்துக்கொண்டிருக்கிறது, கத்தியால் சீவினாலும் வரவில்லை. என் பக்கத்தில், நடுவில் மட்டும் பன்னிரண்டு அடிக்கு, உதடு பிரிந்த மாதிரி திறந்து கிடக்கிறது. கருவாட்டுக் கழிவு போல ஒரு நாற்றம் அதிலிருந்து வருகிறது. ஒரே டப்பா, ஒரே ஆள், ஒரே நாள். உன் பக்கம் ஒட்டுகிறது, என் பக்கம் ஒட்டவில்லை. நீ எதைக் கலந்து அனுப்பினாய், காலாவதியானதை அனுப்பினாயா, எனக்குத் தெரியாது. பசைகூட உன்னோடு சேர்ந்துகொண்டது.

போன வாரம் சம்பந்தியம்மா சந்திரம்மாள், மருமகள் வந்து தங்கப் போகிற அறையைப் பார்க்க வேண்டும் என்று வந்தார்கள். நான் காலையிலிருந்து சாம்பிராணி போட்டு வைத்திருந்தேன். வாசற்படியிலேயே முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தவர்கள், திரும்பிப் போகிற வரை எடுக்கவில்லை. காபியையும் தொடவில்லை. "ஓதம் புடிச்ச வூட்ல பச்சக் கொழந்தைய எப்பிடிங்க போடறது? சீமந்தம் முடிஞ்சி பொண்ணு எங்களாண்டையே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் மகளுக்கு என் வீட்டில் பிரசவம் பார்க்க நான் லாயக்கில்லை என்று ஒரு வெளி ஆள் என் வாசலில் நின்று சொல்கிறாள். நாற்றம் எனக்கும்தான் அடித்தது.

இனி உன்னோடு ஒட்டும் வேண்டாம், உறவும் வேண்டாம். எழுதாதே.

எழிலரசி


லே
5.9.2025

அக்கா,

எழுதாதே என்றாய். ஒரே ஒரு கேள்வி, அப்புறம் எழுதவில்லை.

ஒட்டாத அந்தப் பன்னிரண்டு அடியில், காய்ந்த இடத்தில், உன் பக்கத்து விளிம்பின் மேல் ஒரு கைத் தண்ணீர் தெளி. உறிஞ்சுகிறதா, உருண்டு நிற்கிறதா?

வளவன்


அடி அண்ணாமலை
25.9.2025

வளவா,

உருண்டு நிற்கிறது. சேப்பங்கிழங்கு இலையில் நிற்கிற மாதிரி.

உன் கேள்வியைப் படித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பத்து நாள் தண்ணீர் தெளிக்காமல் சும்மா இருந்தேன். பிறகு தெளித்தேன். பிறகு இதை எழுத மேலும் சில நாள்.

அந்தப் பன்னிரண்டு அடிதான் நான் அகல் வைக்கிற இடம். நாலு வருஷம், ஒவ்வொரு பவுர்ணமிக்கும் இருபத்தேழு அகல், கார்த்திகைக்கு மூன்று நாளும். காற்றில் அணைந்துவிட்டால் உன் ஆட்கள் தாண்டி வந்துவிடுவார்கள் என்று வழிய வழிய எண்ணெய் ஊற்றினேன். நல்லெண்ணெய்கூட இல்லை, இருப்பதிலேயே மட்டமான விளக்கெண்ணெய்க் கலப்படம். சண்டைக்கு ஏற்றுகிற விளக்குக்கு இது போதும் என்றுதான் வாங்கினேன். நீ எழுதியது சரிதான். விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தேன். கருவாட்டு நாற்றம் என்று எழுதினேனே, அது உன் ஆட்களின் அழுக்கு இல்லை. என் எண்ணெய், சிக்குப் பிடித்துப்போன நாற்றம்.

அதில் எந்தப் பசை ஒட்டும்? நீ எதையும் கலக்கவில்லை. என் மகளின் அறையை நானே ஒழுக வைத்தேன். எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஐப்பசியில் சீமந்தம். அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா என்று எழுது.

எழிலரசி


லே
10.10.2025

அக்கா,

முடியும். எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போகாது, அரை விரல் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். கட்டிங் மெஷினால் அந்த விளிம்பை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கலவையில் விளிம்பு கட்டு. குறைந்தது பத்து நாள் காய வேண்டும். மழை பெய்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணு. அதன் பிறகு அடிப்பூச்சுக்குப் பிரைமர், கயிறு, சீலன்ட். மூன்றையும் அனுப்பியிருக்கிறேன்.

நீ உன் எண்ணெயைச் சொல்லிவிட்டாய். நான் என் எலுமிச்சம்பழத்தைச் சொல்கிறேன்.

என் மாடிக்குத் தளம் போட்டபோது ஏகாம்பரம், "தண்ணி ஓடற வாட்டம் எந்தப் பக்கம் குடுக்கறது?" என்று கேட்டான். குழாய் என் பக்கத்தில் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும். அந்த வாரம்தான் நீ எல்லைக்கல் விஷயமாக ஊர் நடுவில் என்னைத் திருடன் என்று சொல்லியிருந்தாய். நான், "அவ பக்கம் குடு" என்றேன். அவன் ஒரு தடவை என்னைப் பார்த்தான், பிறகு அப்படியே செய்தான். மழைக்கு ஒரு தடவை நனையட்டும், புத்தி வரும் என்று நினைத்தேன். மாடியில் முப்பது பேர் குளிப்பார்கள் என்று நினைக்கவில்லை. தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை, அது இன்னும் கேவலம். இடுக்கை அடைக்கிறவன் என்று பதினாறு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். சொந்த அக்கா வீட்டுக்குத் தண்ணீரை அனுப்பியவன் நான்.

பச்சையம்மாளிடம் டிரம்மை எடுக்கச் சொல்லிவிட்டேன், குழாயையும் அடைக்கச் சொல்லிவிட்டேன். ஏகாம்பரம் வந்து வாட்டத்தை மாற்றிப் போடுவான். அவனைத் திட்டாதே. அவன் செய்ததில் அந்த ஒரு வேலையை மட்டும் நான் சொன்னபடி செய்தான்.

வளவன்


அடி அண்ணாமலை
21.12.2025

வளவா,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத நல்லதாக ஒன்று வரட்டும் என்று பார்த்தேன்.

விளிம்பை வெட்டியபோது எண்ணெய்க் கறை விரல் ஆழத்துக்கு இருந்தது. வெட்டிய துண்டுகளை மாடுகூட முகராத இடமாகப் பார்த்துக் கொட்டினோம். கலவை பூசிய மூன்றாம் நாள் மழை. மறுபடி எண்ணினோம், மறுபடி மழை. சீமந்தத்துக்குப் போனபோது சுவர் ஈரமாகத்தான் இருந்தது. சந்திரம்மாள் கேட்டார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. அபியை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு, வளையல் தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் உன் மாமாவும் பஸ்ஸில் திரும்பினோம். பூசி முடித்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது.

ஒட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும். தினமும் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்க்கிறேன், மதியம் வீட்டில் இருந்தால் அப்போதும் பார்க்கிறேன். தீபத்தன்று அகலை மாடிக்குக் கொண்டு போகவில்லை, வாசலில் வைத்தேன். அந்த வாரம் விடாமல் மழை. சுவரில் கையை வைத்தால் சில்லென்று இருக்கிறது, ஈரம் இல்லை. எலுமிச்சம்பழமும் வைத்துப் பார்த்தேன். உன் குழாய்க்குப் போகிறது.

ஒன்பதாம் தேதி அபிக்குப் பெண் பிறந்தது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். நான் கீழ்பென்னாத்தூர் போனேன். குழந்தைக்கு விரிக்க வேண்டும் என்று என் பழைய நூல் புடவைகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருந்தேன், அவற்றை எடுத்துப் போனேன். சந்திரம்மாள் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. ஒரு துணியை எடுத்து முகர்ந்தார்கள். துணி மூட்டையை அப்படியே வெளியில் கொடிக்குக் கீழே வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். எனக்கும் சோப்பைக் கொடுத்தார்கள். நான் அபியைப் பார்த்தேன். அவள் குழந்தையின் காதை நீவிக்கொண்டே, "வாசனை வருதும்மா" என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

துணி அந்த அறையில் இருந்ததுதான். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை, வளவா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை நாள் அதற்குள்ளேயே இருந்து என் மூக்கு பழகிப்போயிற்றா என்று தெரியவில்லை. உன் மாமாவைக் கேட்டால், மாட்டைத் தவிர அவருக்கு எந்த வாசனையும் தெரியாது.

மூன்றாம் மாதம் குழந்தையோடு அபியை அனுப்புவதாகச் சந்திரம்மாள் சொல்லவில்லை. அனுப்ப மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தை மாதம் உனக்கு லீவு என்று கஸ்தூரி சொன்னாள். வா. உன் வீட்டில் நாலு அறை காலியாக இருந்தாலும் என் உள் அறையில்தான் படுக்க வேண்டும். பாயை அந்தச் சுவரை ஒட்டித்தான் போடுவேன். நாலு நாள் படுத்து எழுந்து, நாற்றம் இருக்கிறதா இல்லையா என்று சொல். இருந்தால் இருக்கிறது என்று சொல், மறுபடி சுண்ணாம்பு அடிக்கிறேன். இல்லை என்று நீ சொன்னால்தான் அபிக்குப் போன் செய்து வரச் சொல்வேன்.

எழுத்தில் வேண்டாம். வாயால் சொன்னால் போதும்.

அக்கா